தனியார் மண்கரையில் கலங்கல் நீர்க் கசிவு: ஆலோசனை தேவை

செங்குன்றம் தாண்டி எங்கள் குடும்ப நிலத்தில் மழைநீர் தேக்கும் சிறிய மண்கரை இருக்கிறது. உயரம் சுமார் 4 மீட்டர், நீளம் 70 மீட்டர். அப்பா காலத்தில் போட்டது. வரைபடம் எதுவும் இல்லை. கரைக்குக் கீழே நான்கு வீடுகள். அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தீபாவளி மழைக்குப் பின் மதகுக் குழாயை ஒட்டி, கரையின் வெளிப்புற அடியில் நீர் கசிகிறது. முதலில் தெளிவாக இருந்தது. இப்போது கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தால் அடியில் செம்மண் படிகிறது. கரைக்குள் மண் அரிக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். கரையின் மேல் நீளவாக்கில் விரிசலும் விட்டிருக்கிறது.

உட்புறம் களிமண் பூசினோம், நிற்கவில்லை. கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் சல்லியும் பரப்பியதில் கலங்கல் சற்றுக் குறைந்தது. கீழே உள்ளவர்களிடம் சொல்லிவிட்டோம். அரசு அலுவலகத்தில் தனியார் கரைக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். மோட்டார் வைத்து நீரை இறைக்கிறோம். வேகமாக இறக்கினால் உட்சரிவு சரியும் என்பதால் மெதுவாகத்தான்.

வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியவில்லை. இத்தகைய சிறிய கரையை நேரில் வந்து சோதிக்கக்கூடிய மண்ணியல் பொறியாளர் சென்னையில் யார்?