பின்குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம்

வாட்ஸ்அப் குழு: நம்ம வீடு

சனிக்கிழமை

அக்கா, மாலை 6:42
பாப்பா இன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கராத்தே வகுப்பிலிருந்து வந்தாள். மூன்று மாதமாக அதே நிலை, அதே குத்து. பக்கத்துத் தெருப் பையன் வேறொரு வகுப்பில் சேர்ந்து இரண்டே மாதத்தில் மஞ்சள் பெல்ட் வாங்கிவிட்டான். அதைப் பார்த்ததிலிருந்து இவளுக்கு மனசே இல்லை.

மாமா, 6:45
அந்த வகுப்புக்கே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஃபீஸ் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பிள்ளை சோர்ந்து போகக் கூடாது. நீ ஏழு வருடம் பழகினவள், என்னம்மா சொல்கிறாய்?

நான், 6:51
அவசரப்பட வேண்டாம் மாமா. அவள் நிற்பதைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு வீடியோ அனுப்புங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாதம் தெரிய வேண்டும்.

அக்கா, 7:10
(வீடியோ)
(வீடியோ)

நான், 7:26
நாலு தடவை பார்த்தேன். கை நன்றாகப் போகிறது அக்கா. மணிக்கட்டு மடங்கவில்லை, ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் முன்னால் இருக்கின்றன. இதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரை விட்டுவிடாதே.

தப்பு காலில்தான். குத்து விடும் அந்த நொடியில் பின்குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. பக்கவாட்டு வீடியோவை மெதுவாக ஓட விட்டுப் பார், உனக்கே தெரியும்.

மாமா, 7:29
குதிகால் எழும்பினால் என்ன? பாக்ஸிங்கில் எல்லாரும் குதிகாலைத் தூக்கித்தானே குத்துகிறார்கள்?

நான், 7:38
நல்ல கேள்வி மாமா. கராத்தேயிலும் குமித்தே போட்டியில், எதிராளியோடு மோதும்போது, வீரர்கள் குதிகாலைத் தூக்கித் துள்ளிக்கொண்டேதான் இருப்பார்கள். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது பிறகு வருவது.

இப்போது அவள் பழகுவது கிஹோன், அடிப்படை. குத்தின் பலம் தோளிலிருந்து வருவதில்லை. பின்கால் தரையை அழுத்துகிறது, அந்த அழுத்தம் இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு கையைத் தள்ளுகிறது. அதே நேரத்தில் மற்ற கை இடுப்புக்குத் திரும்பி வர வேண்டும், அதை ஹிக்கித்தே என்பார்கள். குதிகால் பறந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். அப்புறம் தோளைத்தான் தூக்கிக் குத்த வேண்டியிருக்கும். பாப்பாவின் வலது தோள் காதுப் பக்கம் போகிறது, பார்த்தீர்களா?

அக்கா, 7:40
ஆமாம். தோள் வலிக்கிறது என்று இரண்டு நாளாகச் சொன்னாள்.

நான், 7:49
ஏன் எழும்புகிறது என்பதும் தெரிகிறது. காலை ரொம்ப நீளமாக வைத்திருக்கிறாள். பின்பாதத்து விரல்கள் பக்கச் சுவரைப் பார்க்கின்றன, முன்னால் பார்க்கவில்லை. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வேறு இருக்கின்றன, கயிற்றின் மேல் நிற்பதுபோல. அப்படி நின்றால் யாராலும் இடுப்பைத் திருப்ப முடியாது.

ஹாலில் டைல்ஸ் இருக்கிறதே, அதன் கோட்டை வைத்தே பார்க்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். நடுவில் அவளுடைய தோள் அகலம் இருக்கட்டும். நீளத்தில் இப்போது வைப்பதை விட ஒரு சாண் குறை. முன் முழங்கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே வரட்டும், உள்ளே சாயக் கூடாது, சாய்ந்தால் முட்டிக்குக் கெடுதல். எடை முன்காலில் 60 பங்கு, பின்காலில் 40. இப்படி நிற்கும் நிலைக்குத்தான் ஜென்குட்சு தாச்சி என்று பெயர்.

பெரியப்பா பாலக்கோடு, 8:02
இப்போதுதான் தக்காளி மண்டியிலிருந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஆடியில் சேர்த்தார், தை வரைக்கும் கம்பைத் தொட விடவில்லை. வெறும் காலடிதான். களத்துமேட்டில் கோடு கிழித்து அதிலேயே நடக்க வைப்பார். நான் அழுதிருக்கிறேன். கம்பு கைக்கு வந்த அன்றைக்குத்தான் புரிந்தது, கம்பு தானாகச் சுற்றியது. மாற்றாதீர்கள் கண்ணு.

மாமா, 8:05
சரிங்க பெரியப்பா. ஆனால் கட்டா என்று ஒன்று சொல்கிறார்களே, அது எப்போது?

நான், 8:17
அதைத்தான் சொல்ல வந்தேன். குத்து, தடுப்பு, திரும்புதல் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் கோத்துச் செய்வதுதான் கட்டா. அவள் பழகுவது கராத்தேயில் ஷோட்டோகான் என்ற வகை. முதல் முறையான கட்டா ஹெய்யான் ஷோதான், 21 அசைவு. அதில் கடைசி நாலைத் தவிர ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே நிலையில்தான். இந்த மூன்று மாதத்தில் அவள் கால் பழகியது அந்தக் கட்டாவின் பெரும்பகுதி. காலுக்கு மிச்சம் இருப்பது திரும்புகிற திசையும் அந்தக் கடைசி நாலும்தான்.

இன்னொன்று. ஜப்பானின் ஒகினாவா தீவில் இத்தோசு என்ற ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே அமைத்த கட்டாக்கள் இவை, 1905 வாக்கில். பெல்ட் அப்போது கிடையாதே! அது ஜூடோவிலிருந்து வந்தது. 1924இல்தான் ஷோட்டோகானை உருவாக்கிய ஃபுனகோஷி தம் மாணவர்களுக்குக் கறுப்பு பெல்ட் கொடுத்தார். அவரே சின்ன வயதில் இரவு நேரத்தில் அசாட்டோ என்ற ஆசிரியர் வீட்டு முற்றத்தில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்தவர். ஆசிரியர் அதிகம் பேச மாட்டாராம். மறுபடி செய் என்பாராம்.

பெரியப்பா பாலக்கோடு, 8:20
எங்கள் வாத்தியாரும் அதேதான். அப்புறம் கண்ணு, நம்ம பேரன் சுவரில் குத்திப் பழகுகிறான், கை கெட்டியாகும் என்று. விடலாமா?

நான், 8:24
உடனே நிறுத்தச் சொல்லுங்கள் பெரியப்பா. வளர்கிற எலும்பு அது, விரல் மூட்டுப் போய்விடும். பெரியவர்கள் பழகும் மக்கிவாராவே வளைந்து கொடுக்கும் பலகை, வைக்கோல் கயிறு சுற்றியிருக்கும். சுவர் வளையாது. பேடில் குத்தட்டும், இல்லாவிட்டால் காற்றில் குத்தினாலே போதும்.

அக்கா, 8:41
அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பாப்பாவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டது. களி கிண்டுகிறது. சட்டியை இறக்கி வைத்து, கவைக்குச்சியால் அண்டக்கொடுத்து, குச்சியின் இரண்டு முனையையும் இரண்டு காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறது. "காலைப் பார் சாமி. குதிகால் எழும்பினால் சட்டி சுத்தும், களி கட்டி தட்டும். கையால கிண்டினா பத்து சுத்துக்கு மேல தாங்காது, இடுப்பால கிண்டணும்" என்கிறது. பாப்பா தரையில் உட்கார்ந்து ஆயாவின் குதிகாலையே பார்க்கிறாள்.

நான், 8:43
அக்கா, இதைவிட நான் என்ன சொல்ல! களிக்கோலைப் பாப்பா கையில் கொடு, சுடாமல் பார்த்துக்கொள். ராகி மாவு இறுகும்போது அவளுக்கே இடுப்பு தெரியும்.

அக்கா, 9:05
கொடுத்தேன். நாலு சுற்று. மூச்சு வாங்கினாள், ஆனால் குதிகால் அசையவில்லை.

நான், 9:12
நாளைக்குக் காலையில் ஒரு வேலை. பேப்பரை நாலாக மடித்துப் பின்குதிகாலுக்கு அடியில் வை. இடது கால் முன்னால், நடக்கவே வேண்டாம், நின்ற இடத்திலேயே வலது கையால் பத்து குத்து. ஒவ்வொரு குத்துக்கும் நீ பேப்பரை மெல்ல இழு. வந்துவிட்டால் குதிகால் எழும்பியது என்று அர்த்தம். வராவிட்டால் சரி. அப்புறம் கால் மாற்றி இன்னொரு பத்து. அதற்கு மேல் வேண்டாம், களைத்துப் போனால் தப்பாகத்தான் பழகும்.

ஞாயிற்றுக்கிழமை

அக்கா, காலை 6:58
(வீடியோ)
மொட்டை மாடியில் எடுத்தது. பத்தில் ஆறு தடவை பேப்பர் வரவில்லை. கடைசிக் குத்தில் சட்டைக் கை 'சட்' என்று சத்தம் போட்டது, அவளே திரும்பிப் பார்த்தாள்.

மாமா, 7:03
வகுப்பை மாற்றவில்லை. மாஸ்டரிடம் போன் செய்து, தோள் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டேன். கால் நீளத்தைப் பற்றி அவரும் அதையே சொன்னார்.

அக்கா, 7:20
பாப்பா பேசுகிறேன் சித்தி. கால் மாற்றிச் செய்தேன். ஏழாவது குத்தில் பேப்பர் வந்துவிட்டது. எட்டாவது வரவில்லை. ஒன்பதாவது வந்துவிட்டது.

நான், 7:21
ஒன்பதாவதை மறுபடி செய் கண்ணு.