அச்சிட்ட டி-ஷர்ட்டின் தரத்தை இணையத்தில் வாங்கும் முன்பே அறிவது எப்படி?

கேள்வி:
வணக்கம். இணையத்தில் வாங்கிய கறுப்பு டி-ஷர்ட் ஒன்றின் நெஞ்சுப் பகுதியில் இருந்த வெள்ளை எழுத்துகள், மூன்றாவது சலவையிலேயே வறண்ட குளத்து மண்போல வெடித்துவிட்டன. நகம் பட்டாலே செதில் செதிலாக உரிகின்றன. படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லாதபோது எவற்றைக் கவனித்து வாங்க வேண்டும்?

மறுமொழி 1:
அச்சுப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது வலைச் சட்டத்தின் வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறையில், பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை, வெறுமனே காய்ந்தால் போதாது. மைப்படலம் அடிவரை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் இறுகும். கறுப்புத் துணியில் வெள்ளை எடுப்பாகத் தெரிய மையைத் தடிப்பாகப் போட வேண்டியிருப்பதால், அவசரத்தில் சட்டையைச் சூட்டடுப்பின் வழியே சீக்கிரம் கடத்தினால் மேலே இறுகி உள்ளே பதப்படாமல் நின்றுவிடும். உங்கள் சட்டைக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதை எந்தப் படமும் காட்டாது. ஆகவே, எந்த முறையில் அச்சிட்டார்கள் என்பதை விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். டி.டி.எஃப். என்றால் வடிவம் ஃபிலிமிலிருந்து சூட்டில் ஒட்டப்படுகிறது. நெஞ்சு முழுவதும் நிரம்பிய பெரிய வடிவமானால் அந்த இடத்தில் காற்றுப் புகாமல் புழுங்கும். சப்ளிமேஷன் என்பது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி இழையில் ஏற்றும் முறை; அந்தச் சாயம் பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். நூறு சதவீதப் பருத்தி என்றும் சப்ளிமேஷன் என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் அந்த விவரத்தை நம்ப வேண்டாம்.

மறுமொழி 2:
அச்சைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள்; துணியைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராம் கணக்கில். 140 அளவில் மெல்லியதாக இருக்கும், 180 நடுத்தரம், 200-க்கு மேல் கனமானது. ஆனால் எடை கூடினால் தரமும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. சீவிய பருத்தி நூலில் குட்டை இழைகள் நீக்கப்பட்டிருப்பதால் துணியின் மேல் சிறு நூல் உருண்டைகள் எளிதில் திரளாது, அச்சும் சீராக அமரும். எனவே எடையைவிட நூலின் விவரத்தையே நான் முதலில் தேடுவேன். கழுத்துப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் படம் இருந்தால், ரிப் எனப்படும் கழுத்துப் பட்டையின் வரிப் பின்னல் நெருக்கமாக உள்ளதா, உட்புறத் தோள் தையலின் மேல் பட்டி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மறுமொழி 3:
விற்பனைப் பக்கத்தின் படங்களில் ஒரே மடிப்பும் ஒரே நிழலும் எல்லா நிறங்களிலும் அப்படியே திரும்பத் திரும்ப வந்தால், அது கணினியில் வடிவத்தை ஒட்டிய படம். உண்மையான சட்டையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. வாங்கியவர்கள் சலவைக்குப் பின் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். சட்டை கைக்கு வந்ததும், துவைப்பதற்கு முன், அச்சிட்ட இடத்தை இரு கைகளாலும் மெதுவாக இழுத்துவிடுங்கள். விட்ட பிறகும் மயிரிழை வெடிப்புகள் மறையாவிட்டால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த விற்பனைப் பக்கத்தை மீண்டும் பார்த்தேன். ஏழு நிறங்களிலும் இடது விலாவில் அதே ஒரு மடிப்புதான் இருக்கிறது. துணியின் எடையும் அச்சு முறையும் எங்கும் குறிக்கப்படவில்லை. அடுத்து வாங்க நினைத்திருந்த சட்டைக்கு இவ்விரண்டையும் கேட்டு விற்பவருக்கு எழுதியிருக்கிறேன்; தெளிவான பதில் வரும்வரை பணம் செலுத்தப்போவதில்லை.