அற்றைத் திங்கள்: இந்தப் பாட்டு உங்களுக்கு எப்போது புரிந்தது?

நொய்யல்காரன்:

வணக்கமுங்க. ஒரே ஒரு பாட்டைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான், இருந்தாலும் கீழே போடுகிறேன். ஒருமுறை மெதுவாகப் படித்துவிட்டு, அப்புறம் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

அந்த மாதத்து நிலாவில் அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலாவில் வெற்றி முரசு கொட்டுகிற வேந்தர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டது, பாரி இறந்தது, அவர் நண்பரான புலவர் கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் மற்றப் பாட்டுகளிலிருந்தும் பின்னால் வந்த கதைகளிலிருந்தும் நமக்குத் தெரிவது. இந்த ஐந்து வரியில் அழுகை என்று ஒரு சொல்கூடக் கிடையாது.

என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. 1992-இல் அந்த அணையைக் கட்டியது பாசனத்துக்காக, ஆனால் தேங்கியது திருப்பூரிலிருந்து வந்த சாயத் தண்ணீர். கொஞ்ச வருசத்திலேயே கிணறு உப்பாகிவிட்டது, மஞ்சள் வைக்க முடியவில்லை, தென்னை காய்ப்பு நின்று ஒவ்வொன்றாகப் பட்டுப்போனது, தாழியில் தண்ணீர் ஊற்றினால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது ஊரில் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள், அய்யன் மட்டும் பேசவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே அவர் தோட்டத்தைக் கேட்ட விலைக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு திருப்பூரில் என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். பால் கறக்கிற நேரத்துக்கு எழுந்து பழகியவர், அங்கே வந்தும் கோழி கூப்பிடும் முன்பே எழுந்து வாசலில் நிற்பார். போக இடமும் இல்லை, செய்ய வேலையும் இல்லை.

அவர் காலமாகி, கருமாதி முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். தன்மையான மனிதர். "அப்பா பேரு சொல்லுங்க" என்றார், சொன்னேன். காலமான தேதி கேட்டார், சொன்னேன். "அவரு பேர்ல பட்டா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். "இருந்துதுங்க, இப்ப இல்லைங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எங்கிருந்தோ அந்தக் கடைசி வரி வந்து நின்றது. குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த வரியை நான் நினைத்ததே இல்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து போனில் பாட்டைத் தேடி எடுத்துப் படித்தேன்.

படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதலில் சொல்லும்போது அப்பா முன்னால், மலை பின்னால். இழந்ததைச் சொல்லும்போது மலை முன்னால் போகிறது, அப்பா பின்னால் போகிறார். எங்கள் வீட்டில் நடந்ததும் அதே வரிசைதான். தோட்டம் போனது, பின்னாலேயே அய்யன் போனார். இரண்டு சாவு இல்லை இது, ஒரே சாவுதான் என்று எனக்குப் பட்டது. மலையையும் அப்பாவையும் அந்தப் பெண்கள் ஏன் ஒரே மூச்சில் சொன்னார்கள் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. நிலம் போன வீட்டில் பிறந்தவர்கள் இந்தப் பாட்டுக்கு உரை தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

கொடுமுடிக்காரி:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்கு இந்தப் பாட்டில் ஒட்டிக்கொண்டது நிலா.

எங்கள் பக்கம் தைப்பூசத்துக்கு முன்னால் நிலாச்சோறு உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு ஒவ்வொரு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையார் கோயில் முன்னால் வைத்து, கும்மியடித்துப் பாடிவிட்டு எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவோம். எங்கள் தெருவில் பாட்டை எடுத்துக் கொடுப்பது என் அக்காதான். அவள் காய்ச்சலில் இறந்துபோன அடுத்த தையிலும் ஊரில் நிலாச்சோறு நடந்தது. நடக்காமல் எப்படி இருக்கும்? அம்மா எலுமிச்சம்பழச் சோறு கிளறித் தூக்குப்போசியில் போட்டு, "நீ போயிட்டு வா கண்ணு" என்று என்னை அனுப்பினாள், அவள் வரவில்லை. வேறொரு அக்கா பாட்டு எடுத்தாள். பாட்டு அதேதான், கும்மியும் அதேதான்.

அந்த வருசம்தான் ஒன்பதாம் வகுப்பிலோ பத்திலோ இந்தச் செய்யுள் வந்தது. நிலாவைப் பற்றி அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை பாருங்கள். அவ்வெண் நிலவு, இவ்வெண் நிலவு, இரண்டும் வெள்ளைதான். நாங்கள் இப்படி ஆகிவிட்டோம், நீ மட்டும் எப்படி இதே மாதிரி வருகிறாய் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு அழுகை வரவைத்தது. டீச்சர் அன்றைக்கு அணிநயம் சொல்லிக்கொண்டு இருந்தார்.

கோபித் தமிழாசிரியை:

நான் தமிழ் டீச்சர், இந்தப் பாட்டைப் பல வருசம் நடத்தியிருக்கிறேன். நொய்யல்காரன் தம்பி சொன்ன வரிசை மாற்றத்தை நானும் வகுப்பில் சொல்வதுண்டு, ஆனால் அதற்கு நான் கொள்கிற பொருள் வேறு. பாரி உயிரோடு இருக்கும்வரை பறம்பை எடுக்க முடியாது என்பதுதான் கபிலர் பாட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. 109-ஆம் பாட்டில் முற்றுகையிட்ட வேந்தர்களிடமே சொல்கிறார்: உழவர் உழாமலேயே மூங்கில் நெல்லும் பலாப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேனும் விளைகிற மலை இது, நீங்கள் படை கொண்டு வந்து பட்டினி போட்டுப் பிடிக்க முடியாது, வேண்டுமானால் ஆடிப் பாடிக்கொண்டு போய்க் கேளுங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று. அப்படியானால் பாரி போன பிறகுதான் மலை போயிருக்க வேண்டும். நடந்த வரிசையைப் பெண்கள் மாற்றிச் சொல்கிறார்கள். ஏன்? மலை போனதைச் சொல்ல முடிகிறது, எடுத்தவன் இன்னான் என்று காட்டவும் முடிகிறது. அப்பா இல்லை என்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை, அதனால் அதைக் கடைசிவரை தள்ளிவைத்துச் சொல்கிறார்கள். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் வீட்டு வரிசை உங்களுக்கு உண்மை.

ஒருமுறை வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அவங்கப்பா எப்படிச் செத்தாருன்னு பாட்டுல சொல்லவே இல்லையே டீச்சர்?" என்றான். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லும் முன்பே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அதெல்லாம் சொல்ல மாட்டாங்க, கேட்டாலும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அவளுடைய அப்பா முந்தைய வருசம் இறந்தது பள்ளிக்கே தெரியும். வகுப்பு அமைதியாகிவிட்டது. நானும் அதற்கு மேல் விளக்கவில்லை, பாட்டை இன்னொரு முறை வாசித்துவிட்டு உட்காரச் சொன்னேன். இப்போதும் இந்தப் பாட்டை நடத்தும்போது எந்தப் பிள்ளை வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வகுப்புக்குள் போகிறேன்.

112 பிடித்தவர்கள் கட்டாயம் 116 படியுங்கள், அது கபிலர் பாடியது. மலை போன பிறகு அந்தப் பெண்கள் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். முள்வேலி, சுற்றிலும் சுரைக்கொடி, பீர்க்கங்கொடி. வாசலில் கிடக்கிற ஈத்திலைக் குப்பைமேட்டின் மேல் ஏறி நின்று, ரோட்டில் போகிற உப்பு வணிகர்களின் வண்டிகளை எண்ணுகிறார்கள். இதே பெண்கள்தான் முன்பு பறம்பின் மேலே நின்று, போருக்கு வந்த வேந்தர்களின் பொன் அணிந்த குதிரைகளை எண்ணியவர்கள். அதைப் பார்த்த கபிலர், என் வாழ்நாள் தேய்ந்து போகட்டும் என்கிறார். சங்கப் பாட்டில் எனக்கு இதைவிடத் தாங்க முடியாத இடம் வேறு இல்லை.

நொய்யல்காரன்:

கோபமெல்லாம் இல்லைங்க டீச்சர். நீங்கள் சொன்ன பிறகு படித்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் காதுக்கு இன்னும் அந்த வரிசை எங்கள் வீட்டு வரிசையாகவே கேட்கிறது, அதை மாற்ற மனசு வரவில்லை.

தாராபுரத்து மருமகள்:

116-ஐ இப்போதுதான் முதல்முறை படித்தேன். கை நடுங்குகிறது.

என் அம்மிச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்தது வாழ்ந்தது எல்லாம் காங்கயம் பக்கம், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும் பட்டி ஆடுமாக இருந்த வீடு. பொழுது சாயும்போது பட்டிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்று உள்ளே போகிற ஆட்டை எண்ணுவது அம்மிச்சியின் வேலை. ஆளுக்காரர் ஒரு தடவை எண்ணினாலும் அம்மிச்சி எண்ணினால்தான் அப்புச்சிக்கு நம்பிக்கை. ஒன்று குறைந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அப்புச்சி வேலி ஓரமாகவே தேடிப் போவார். அப்புச்சி போனார், மாமன்மார் பாகம் பிரித்தார்கள், பாகம் பிரித்ததை விற்றார்கள், அம்மிச்சி எங்களோடு லைன் வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் தெரு வழியாகத்தான் பனியன் கம்பெனி வேன்கள் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும். அம்மிச்சி வாசல்படியில் உட்கார்ந்து அதை எண்ண ஆரம்பித்தாள். "பதினேழு வந்துருச்சு, இன்னும் ரெண்டு வரோணும்" என்பாள். அந்த இரண்டும் வந்த பிறகுதான் சாப்பிட எழுந்திருப்பாள். ஒருநாள் ஏதோ ஒரு வேன் வரவில்லை போல, ராத்திரி படுத்த பிறகும் "ஒன்னு வரல சாமி, ஒன்னு வரல" என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வயசானால் அப்படித்தான் என்றார்கள் சொந்தக்காரர்கள். என் பையனுக்கு மட்டும் அது வேலையாகவே பட்டது, அவனும் கூட உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவான், அவளும் அவன் கணக்கைச் சரிபார்ப்பாள்.

உப்பு வண்டியை எண்ணுகிற பெண்களைப் பற்றி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. எண்ணிக்கொண்டே இருந்தவர்களுக்கு, எண்ணுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. கபிலர் அதைப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு அந்தப் பெண்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர், ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு இன்றைக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

கொடுமுடிக்காரி:

அக்கா, உங்கள் அம்மிச்சி இன்னும் இருக்கிறாரா?

தாராபுரத்து மருமகள்:

இல்லை கண்ணு. போன வருசம் ஆடியில்.

நொய்யல்காரன்:

நேற்று ராத்திரி அம்மாவுக்கு 112, 116 இரண்டையும் படித்து, புரிகிற மாதிரி சொன்னேன். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார். பாரி செத்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மலை போன இடத்தில் "ம்" என்றார். குப்பைமேட்டு மேல் ஏறி வண்டி எண்ணுகிற இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, "அப்பறம் அந்தப் புள்ளைக என்னாச்சு? யாருக்குக் கட்டிக் குடுத்தாங்க? அய்யனும் இல்ல, காடும் இல்ல, எவன் வந்து கேப்பான்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர், அதற்குப் பாட்டு ஏதாவது இருக்கிறதா?

கோபித் தமிழாசிரியை:

அம்மா கேட்டதுதான் கபிலருக்கும் இருந்த கவலை. இருக்கிறது தம்பி, 200, 201, 202 மூன்றும் அதைப் பற்றியவைதான். கபிலர் இந்தப் பெண்களை விச்சிக்கோன் என்ற சிற்றரசனிடம் அழைத்துப் போய், இவர்கள் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெண்கள், மணந்துகொள் என்று கேட்கிறார். அப்புறம் இருங்கோவேள் என்ற இன்னொரு சிற்றரசனிடம் போய்க் கேட்கிறார், அவனும் மறுக்கிறான். 202-இல் கபிலர் கோபமாகவே பேசிவிட்டுக் கிளம்புகிறார். அம்மா சொன்ன மாதிரி, மலை இருந்திருந்தால் வேந்தர்களே வரிசையில் நின்றிருப்பார்கள். உண்மையில் மூவேந்தரும் பெண் கேட்டு, பாரி மறுத்ததால்தான் போர் வந்தது என்றும் சொல்வார்கள்.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் கபிலர் பாரியின் பெண்ணை மலையனுக்கு, அதாவது திருக்கோவலூரை ஆண்ட மலையமானுக்கு, மணம் முடித்துக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே இருக்கிற பாறையில் தீப்புகுந்தார் என்று வருகிறது. அந்தப் பாறையைக் கபிலர் குன்று என்று இன்றும் காட்டுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் பாட்டுகளுக்குப் பல நூற்றாண்டு கழித்து வெட்டிய கல், ஆனாலும் ஊர் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது. கட்டிக் கொடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.