வீட்டிலிருந்து வேலை: நிம்மதி தருவது வீடா, மலையா, பயணம் இல்லாததா?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், வசிக்கிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது வேளச்சேரியில் ஒரு மகளிர் விடுதியில் இருந்தேன். மே மாதம் இ-பாஸ் கிடைத்து மலையேறினேன். அன்று முதல் இன்றுவரை எங்கள் வீட்டு முன்னறையின் ஜன்னலோர மேசைதான் என் அலுவலகம்.

சென்னையில் இருந்தவரை காலை ஆறே முக்காலுக்கு நிறுவனப் பேருந்துக்காகத் தெருமுனையில் நின்று, சிறுசேரி போய்ச் சேர்ந்து, இரவு எட்டரைக்கு விடுதிக்குத் திரும்பி, ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றுவிட்டுப் படுத்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இங்கே வந்த பின் உடம்பு தேறியது. பாட்டியின் கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் பக்கத்திலேயே இருக்க முடிந்தது. எங்கள் தெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகைக்கு லீவு கேட்டு யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆகவே யார் கேட்டாலும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதில்தான் நிம்மதி என்று தயங்காமல் சொல்லி வந்தேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் வர்க்கி வாங்குவதற்காகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள பேக்கரிக்குப் போனேன். கடைக்கார அண்ணன் "என்னம்மா, ஊரிலேதான் இருக்கியா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியவள், பொட்டலம் கையில் சூடு ஆறும்வரை பேசிக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போது எண்ணிப் பார்த்தேன். காதில் ஹெட்செட் இல்லாமல், வீட்டார் அல்லாத ஒருவரோடு நான் பேசி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

இப்போது நிறுவனம், அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாட்கள் கோயம்புத்தூர் கிளைக்கு வர வேண்டும் என்கிறது. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறிப் போனால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்த ஒன்பது நாட்கள் மனத்தில் உறுத்துகின்றன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் உண்மையிலேயே அலுவலகம் போகிறவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்களா, அல்லது நான் மலையின் மகிழ்ச்சியை வேலையின் மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டிருக்கிறேனா? இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இதைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் நடந்திருந்தால் அதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: உதகை, இரண்டு குழந்தைகளின் தாய்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் ஜன்னலோர மேசையைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவள். மாமனார், மாமியார், கணவர், இரண்டு குழந்தைகள், இரண்டே அறைகள் கொண்ட வீடு. என் அலுவலகம் படுக்கையறைக் கட்டிலின் கால்மாட்டில், தலையணைமேல் வைத்த மடிக்கணினியாக இருந்தது.

வீட்டில் இருக்கும் பெண் வேலை பார்க்கிறாள் என்பதை மற்றவர்களால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. யார்மேலும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மாமியார் நல்லவர். ஆனால் கேஸ் சிலிண்டர் வந்தாலும், உறவினர் வந்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் "நீ வீட்டிலேதானே இருக்கே" என்ற ஒரே சொல்லில் எல்லாம் என் பக்கம் வந்து சேரும். என் கணவரும் அதே காலத்தில் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார். அவர் கதவைச் சாத்தினால் வீடே கிசுகிசுப்பாகப் பேசும். நான் சாத்தினால் ஐந்தாவது நிமிடம் தட்டுவார்கள். ஒரு நாள் மேலாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடித்தது. மூன்று எண்ணி அடுப்பை அணைக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே அவர் கேட்ட தொகையைத் தவறாகச் சொல்லி, அந்த மாதக் கணக்கை முழுவதும் திருத்த வேண்டியதாகிவிட்டது. அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். மழையில் நனைந்துகொண்டு போகிறேன், டிசம்பர் உறைபனியில் விரல்கள் விறைக்கின்றன. ஆனாலும் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை நான் செய்யும் வேலைக்கு வேலை என்ற பெயர் இருக்கிறது. மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது "வந்துட்டியா, டீ குடிக்கிறியா?" என்று அதே மாமியார் கேட்கிறார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

பதில்: குன்னூர், பொருளியல் கற்பிப்பவர்

சகோதரி ஆய்வுகளைப் பற்றிக் கேட்டிருந்தார். இந்தப் பொருளில் அதிகம் பேசப்படும் சோதனை சீனாவில், ஷாங்காயைச் சேர்ந்த சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2015-இல் வெளியிட்டார்கள். விருப்பம் தெரிவித்த ஊழியர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக அமைந்தவர்கள் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தும், ஒற்றைப்படையாக அமைந்தவர்கள் வழக்கம்போல அலுவலகத்திலிருந்தும் 9 மாதங்கள் வேலை பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் செய்து முடித்த வேலை 13 சதவீதம் கூடியது; வேலையை விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தார்கள்; மனநிறைவும் கூடியிருந்தது.

வீடுதான் மேல் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சோதனை முடிந்த பிறகு 'வீடா, அலுவலகமா, நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்' என்று விட்டபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று தனிமை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டில் தனி அறை உள்ளவர்கள் மட்டுமே அந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆகவே மேலே எழுதிய உதகைச் சகோதரியைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இது சிறிய விஷயம் அன்று. நம் ஊர் வீடுகளில் தனி அறை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2024-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களிடையே விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலையின் தரமும் குறையவில்லை. அதில் அதிகப் பயன் பெற்றவர்களுள் பெண்களும் நீண்ட தூரம் பயணம் செய்பவர்களும் அடங்குவர். பயணத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 909 பெண் ஊழியர்களிடம், முந்தைய நாளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக நினைவுகூரச் சொல்லி, ஒவ்வொன்றின்போதும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டு, 2004-இல் வெளியிட்டார்கள். நாளின் மிகவும் மகிழ்ச்சியற்ற நேரமாக வந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான்.

வேலையை மலைக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதன்று. 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடைதோறும் உதகைக்கு ஏறி வந்து அலுவல் பார்த்திருக்கிறது. ஆனால் அவர்கள் அலுவலகத்தை முழுவதுமாக, ஆட்களோடும் கோப்புகளோடும் கொண்டுவந்தார்கள். கோத்தகிரிச் சகோதரியோ தன் பங்கு வேலையை மட்டும் கொண்டுவந்திருக்கிறார், ஆட்கள் கீழேயே தங்கிவிட்டார்கள். என் மதிப்பீட்டில், அவரை மகிழ்வித்தது சிறுசேரிப் பேருந்து இல்லாமற் போனதும் பாட்டியின் அருகாமையும்தான். இப்போது அவரை வருத்துவது சக ஊழியர் இல்லாமை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டதால்தான் விடை குழம்புகிறது.

பதில்: தாண்டிக்குடி, காப்பித் தோட்டக்காரர் மகன்

நான் பழனி மலைப் பக்கம். பெங்களூரில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு 2021-இல் ஊருக்கு வந்து, அதே வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்றால், ஆம், சந்தேகமே இல்லை. காலையில் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒரு சுற்று நடந்து, அப்பாவோடு வேலையாட்களுக்கு அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு, பத்து மணிக்கு லேப்டாப் முன்னால் உட்காரும் வாழ்க்கையை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் இரண்டு நாட்களுக்கு மின்சாரம் வராது. இன்வெர்ட்டர் மாலைக்குள் இறங்கிவிடும், செல்போன் கோபுரமும் கூடவே படுத்துவிடும். அப்படி ஒரு நவம்பரில், மடிக்கணினியை நெகிழித் தாளில் சுற்றி ஜீப்பில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு வரை இறங்கி, தெரிந்தவரின் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகலெல்லாம் களத்தில் நின்றுவிட்டு இரவு ஒரு மணி வரை அலுவலக வேலை பார்ப்பேன். வீடும் வேலையும் ஒன்றானால், இரண்டில் எதுவும் முடிவதே இல்லை.

பதவி உயர்வும் தள்ளிப்போனது. என்னிடம் வேலை கற்ற தம்பி இப்போது எனக்கு மேலே இருக்கிறார். அவர் திறமையானவர், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முடிவெடுக்கும் நாளில் அவர் மேலாளரின் கண் முன்னால் இருந்தார், நான் இல்லை. குன்னூர் ஐயா சொன்ன சிட்ரிப் ஆய்விலும், அதே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டால் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது என்று படித்திருக்கிறேன். எனக்குத் தோட்டம் இருக்கிறது, தாங்கிக்கொண்டேன். சம்பளம் ஒன்றையே நம்பியிருப்பவர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும், சகோதரி.

பதில்: கூடலூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்

எங்கள் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக வழியே இல்லை என்பதால் எழுதத் தயங்கினேன். மாலையில் வந்து சேரும் பச்சை இலையை இரவெல்லாம் தொட்டியில் வாட்டி, உருளையில் அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்தி எடுக்கும்வரை ஆட்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஜூலை மழையில் இரவுப் பணிக்குக் கிளம்பும்போது, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று நானும் நினைப்பதுண்டு. ஆனால் என் மனைவி இறந்த ஆண்டில், பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரவுப் பணிக்குப் போனபோது, யாரும் ஒன்றும் கேட்காமல் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில், வெதுவெதுப்பான இடத்தில், எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். விடியும்வரை என் பங்கு வேலையையும் அவர்களே பார்த்தார்கள். அந்த இரவை நான் வீட்டில் கழித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

கேள்வி கேட்ட வாசகி மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. கூடலூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். உதகை அக்கா, உங்கள் பதிலை என் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். அவரும் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அவருடைய தையல் மெஷினை நடுக்கூடத்திலிருந்து பின்னறைக்கு மாற்றிக் கதவு போட்டுக் கொடுப்பதென்று அன்றே வீட்டில் முடிவானது.

என் விஷயத்தில், வேலையை விடவில்லை. குன்னூர் ஐயா பயணத்தையும் ஆட்களையும் தனித்தனியாக எடை போடச் சொன்னதை வைத்தே மேலாளரிடம் பேசினேன். மூன்று நாட்களுக்குப் பதிலாக இரண்டு நாட்கள், அதுவும் அடுத்தடுத்த நாட்களாக இருந்தால், திங்கள் காலை இறங்கி அன்றிரவு காந்திபுரத்தில் சித்தி வீட்டில் தங்கி, செவ்வாய் மாலை வேலை முடிந்ததும் மலையேறிவிட முடியும் என்று கேட்டேன். ஆறு மாதங்களுக்கு அப்படியே பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மீதி மூன்று நாட்களுக்கும் ஒரு வழி கிடைத்தது. எங்கள் ஹட்டியிலேயே கீழ் வரிசையில் ஒரு பெண் வேறொரு நிறுவனத்துக்காக மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும், அவளுக்கும் என்னைத் தெரியாது. அவளும் பல நாட்கள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறாள். எங்கள் பாட்டியின் அறை காலியாகத்தான் இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து இருவரும் அங்கே எதிரெதிராக மேசை போட்டுக்கொள்கிறோம், புதிய இன்வெர்ட்டருக்கு ஆளுக்குப் பாதி. தாண்டிக்குடி அண்ணா, இரண்டு மடிக்கணினி, ஒரு மோடம், ஒரு விளக்கு ஆகியவை நாள் முழுவதும் ஓட எத்தனை ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி வாங்கினால் மழைக்காலத்தைத் தாக்குப்பிடிக்கும் என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல முடியுமா?