கறுப்பு நாய் கேன்வாஸில் ஓட்டை மாதிரி தெரிகிறது, ஆயில் பெயின்டிங் செய்பவர்கள் சொல்லுங்களேன்

அரைகுறைத்தூரிகை (திருவல்லிக்கேணி):
அண்ணன் மகளையும் அவள் நாயையும் சேர்த்து வரைகிறேன். 18க்கு 24 அங்குல கேன்வாஸ். அவளுக்கு ஐந்து வயது, மணி கன்னங்கரேலென்ற தெருநாய். இரண்டும் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராது என்பதால் போட்டோவைப் பார்த்துத்தான் வேலை. அவள் படம் மாடிப்படியில் காலை வெயிலில் எடுத்தது, மணி படம் ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. முகம் ஓரளவு வந்துவிட்டது (அண்ணி மட்டும் "இது எங்க வீட்டு மூக்கே இல்லை" என்கிறார், அது தனிக்கதை). நாய்தான் படுத்துகிறது. ஐவரி பிளாக்கை டியூபிலிருந்து பிதுக்கி அப்படியே பூசினேன், அவள் பக்கத்தில் கேன்வாஸை யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருக்கிறது. பளபளப்புக்கு வெள்ளை கலந்தால் சாம்பலில் புரண்ட நாய் ஆகிவிடுகிறது. பத்து நாளாகியும் அந்தக் கறுப்பு விரலில் ஒட்டுகிறது. பொங்கலுக்குள் கொடுக்கணும்.

பழைய_பேலட்:
முதலில் அந்தக் கறுப்பைக் கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், வேறு வழியில்லை. ஐவரி பிளாக் எண்ணெய் நிறையக் குடிக்கும், மெதுவாகத்தான் காயும். அதன்மேல் சீக்கிரம் காய்கிற வண்ணத்தைப் போட்டால் பின்னாளில் வெடிக்கும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பும் கலந்து பாருங்கள், கறுப்புதான் வரும், ஆனால் உயிருள்ள கறுப்பு. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் காய்வதும் சீக்கிரம். நிழலில் அம்பர் கொஞ்சம் தூக்கல், வானம் பார்க்கிற முதுகில் நீலம் தூக்கல். பளபளப்புக்கும் வெறும் வெள்ளை வேண்டாம், வெள்ளையில் துளி நீலம். வெயிலில் நிற்கும் காக்கையின் இறக்கையைப் பாருங்கள், அங்கே ஏது கறுப்பு?

இன்னொன்று, பெண்ணின் தோலுக்கு என்ன கலந்தீர்கள்? யெல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) இருந்தால் அதே சியன்னாவை வெயில் ஊடுருவும் நாயின் காதோரத்தில் கொஞ்சம் வையுங்கள். இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகத் தெரியும்.

மாடிவீட்டுக்காரன்:
பெயின்டை விடுங்க, கோளாறு போட்டோவில் இருக்கிறது. ஃப்ளாஷ் நேரே முகத்தில் அடித்தால் ரோமத்தின் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும், எந்தக் கலவை போட்டாலும் திரும்பி வராது. நாளை காலை அதே படியில், அதே நேரத்தில் பிஸ்கட் காட்டி மணியை உட்கார வைத்து, நீங்களும் குனிந்து அதன் கண் மட்டத்தில் எடுங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெருத்து கால் குச்சியாகும்.

முடிந்தால் நாயை ஒரு படி மேலே ஏற்றுங்கள். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1659ல் அந்நாட்டு இளவரசன் ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோவை வரைந்தபோது குட்டி நாயைக் காலடியில் விடாமல் நாற்காலியில் படுக்க வைத்தார். பையனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது, கை அதே நாற்காலிமேல். முகத்திலிருந்து கண் தானாக நாய்க்கு இறங்கும்.

அரைகுறைத்தூரிகை:
சுரண்டிவிட்டேன், மனசு வலிக்க! இன்று காலை மறுபடி எடுத்ததில் பாவாடையின் மஞ்சள் மணியின் தாடைக்கடியில் லேசாக அடிக்கிறது. ராத்திரி போட்டோவில் அது இல்லவே இல்லை. இந்த மழையில் காயுமா?

பழைய_பேலட்:
அந்த மஞ்சளை விட்டுவிடாதீர்கள், அதுதான் இரண்டு பேரையும் ஒட்டும். ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். அதனால் பீரோவுக்குப் பின்னால் வைக்காமல் வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில் வையுங்கள். முதல் பூச்சு மெலிசாக, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சேர்ப்பது மேல் பூச்சுகளில் மட்டும். பொங்கலுக்குக் கொடுத்துவிடலாம், வார்னிஷ் மட்டும் ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்கே போய் அடியுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
மூக்கு விஷயம் என்ன ஆச்சு?

அரைகுறைத்தூரிகை:
அண்ணி இப்போது மணியின் மூக்கு அச்சு அசலாக இருக்கிறது என்கிறார்.