ராணுவ பிசிக்கலுக்கு (உடல்தகுதித் தேர்வு) ரெண்டு மாசம்தான் இருக்கு, முன்காலெலும்புல வலி. ஓடலாமா?

தேனி_அக்னி:
அக்னிவீர் எழுத்துத் தேர்வு பாஸ். வயசு 19. 1.6 கி.மீ. 5:40-ல முடிக்கிறேன், அதுக்கு 48 மார்க்தான். 5:30-க்குள்ள வந்தா 60. பீம் (கம்பியில தொங்கி உடம்பைத் தூக்குறது) பத்தும் எடுத்துடுவேன், அந்த 40-க்குக் கவலை இல்ல. அகாடமியில தினம் காலையில 10 கி.மீ., சாயங்காலம் 5 கி.மீ., ஞாயிறு மட்டும் லீவு. எல்லாமே பைபாஸ் தார் ரோடு. இப்ப வலது கால்ல, கணுக்காலுக்கு ஒரு சாண் மேல எலும்பு வலிக்குது. முதல்ல ஓடி முடிச்சப்புறம்தான் வலிச்சுது, இப்ப நடந்தாலே வலி. மாஸ்டர் கிரேப் பேண்டேஜ் சுத்திட்டு ஓடுங்கிறார். சீனியர்கள் வலி மாத்திரை போட்டுட்டு ஓடுறாங்க. ஷூ மாத்தணுமா? ஐஸ் வெச்சா போதுமா?

பழைய_உஸ்தாத்:
தம்பி, ஒத்தை விரலால அந்த எலும்பை மேலிருந்து கீழ வரைக்கும் அழுத்திட்டே வா. நீளமாப் பரவலா வலிச்சா சின் ஸ்பிளிண்ட்டா, அதாவது விரிசல் இல்லாத முன்கால் எலும்பு வலியா இருக்கலாம். காசு அகலத்துக்கு ஒரே இடத்துல சுரீர்னா எலும்புல விரிசல் விழ ஆரம்பிச்சிருக்கலாம். எதுவானாலும், நடந்தாலே வலிக்குதுன்னு எழுதியிருக்கே. இன்னையோட ஓட்டத்தை நிறுத்து, எலும்பு டாக்டர்கிட்ட போ. எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னு சொன்னா குதிக்காதே, ஆரம்ப விரிசல் அதுல பல நேரம் தெரியாது. எம்.ஆர்.ஐ.ல தெரியும்.

நான் ராணுவத்துல இருந்தவன், புனேயில பி.டி. கோர்ஸ் முடிச்சு ரெக்ரூட்டுகளுக்கு (புதுசாச் சேர்ந்த சிப்பாய்கள்) உடற்பயிற்சி எடுத்தவன். "நடிக்கிறான் சார்"ங்கிற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இந்த எலும்பு விரிசல் வியாதியை 1855-லயே பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்யப் படை டாக்டர் எழுதிவெச்சிருக்கார். எக்ஸ்ரே வர்றதுக்கு 40 வருஷம் முன்னாடி!

இஸ்ரேல் காலாட்படைக்காரங்க 1985-ல வெளியிட்ட ஆய்வைப் பாரு. 295 ரெக்ரூட்டுகள், 14 வாரப் பயிற்சி. 31 சதவீதம் பேருக்கு எலும்பு விரிசல். அதைக் குறைக்கப் பூட்ஸ், உள்ளட்டைன்னு கால் நூற்றாண்டு என்னென்னமோ பண்ணிப் பார்த்தாங்க. கடைசியில பெரிய அளவுல கேட்டது ரெண்டே விஷயம்: ராத்திரி குறைஞ்சது 6 மணி நேரம் தூங்க விடணும்னு கட்டாயம், நடை தூரத்துல குறைப்பு. விரிசல் 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. இதுல எனக்குப் பிடிச்சது, செலவே இல்லாத வைத்தியம்.

அமெரிக்க மரீன்கள் 12 வாரப் பயிற்சியில மொத்த ஓட்டத்தை 55 மைல்லேர்ந்து 33 மைலாக் குறைச்சாங்க. விரிசல் பாதியாச்சு, ஓட்ட நேரம் கொஞ்சம்தான் கூடுச்சு. 55 மைல்னா 88 கி.மீ. நீ வாரத்துக்கு 90 ஓடுறே! அவங்களுக்கு மார்ச்சும் டிரில்லும் தனியா உண்டு, ஒத்துக்கிறேன். இருந்தாலும் உங்க மாஸ்டர் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்கட்டும்.

புதுசாப் பாரம் விழுந்தா எலும்பு பழைய பகுதியைத் தோண்டி எடுத்துட்டுத்தான் புதுசை நிரப்பும். தோண்டுறது சில வாரத்துல முடியும், நிரம்ப மாசக்கணக்காகும். கூரையில பழைய ஓடுகளைப் பிரிச்சுப் போட்டுட்டுப் புது ஓடு வேயுறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்? ஓட ஆரம்பிச்சு மூணாவது நாலாவது வாரத்துல பசங்க நொண்டுறதுக்கு இதுதான் முக்கியக் காரணம்.

கரிமேடு_பாய்ஸ்:
உஸ்தாத், நாங்க எல்லாரும் இதே மாதிரி தார் ரோட்டுல ஓடித்தான் செலக்ட் ஆனோம். வலிக்குதுன்னு படுத்தா வேலை கிடைக்காது.

பழைய_உஸ்தாத்:
செலக்ட் ஆனவன் இங்க வந்து எழுதுறே. கால் உடைஞ்சு வீட்டுக்குப் போனவன் எந்த குரூப்ல இருக்கான்?

பிசியோ_அக்கா:
தேனி தம்பி, மாத்திரை விஷயத்தை யாரும் தொடலையே. ஓடுறதுக்கு முன்னாடி வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுரூஃபன் வகை மாத்திரை வாங்கின அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எலும்பு விரிசல் அதிகம்னு 2019-ல ஆய்வு வந்தது, அடிப்படைப் பயிற்சி சமயத்துல அஞ்சு மடங்குக்கும் மேல. மாத்திரைதான் காரணமா, ஏற்கெனவே வலி இருந்ததாலதான் மாத்திரை வாங்கினாங்களான்னு அதை வெச்சு முடிவு கட்ட முடியாது. ஆனா வலியை மறைச்சுட்டு ஓடுறது நிச்சயம் கெடுதல்.

ஷூ தேய்ஞ்சிருந்தா மாத்துங்க. பாத வளைவை அளந்து அதுக்கேத்த ஷூ கொடுத்து அமெரிக்கப் படைகள்ல சோதிச்சப்ப காயம் குறையல, அதனால விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓடுறதுக்கு முன்னாடி நின்னு இழுக்கிற ஸ்ட்ரெச்சிங்கும் அப்படித்தான்: ஆஸ்திரேலிய ரெக்ரூட்டுகள் 1,538 பேர்கிட்ட பார்த்தாங்க, காயத்தைத் தடுக்கல. ஐஸ் வலியை அமத்தும், எலும்பை ஒட்ட வைக்காது.

கேழ்வரகு, பால், மீன் சேர்த்துக்கோங்க. அமெரிக்கக் கடற்படையில பெண் ரெக்ரூட்டுகளுக்கு 8 வாரம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தப்ப விரிசல் 20 சதவீதம் குறைஞ்சுது. ஆண்களுக்கும் அதே அளவு பலிக்கும்னு சொல்ல மாட்டேன். ரத்தத்துல டி அளவு பார்த்துட்டு டாக்டர் சொன்னா சாப்பிடுங்க.

தேனி_அக்னி:
அழுத்திப் பார்த்தேன், ஒரே இடத்துலதான் சுரீர்னுது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். தூக்கம்னா, கடையை அடைச்சுட்டு வந்து படுக்க 11:30 ஆகும், 3:45-க்கு எழுந்துடுவேன். ஒருவேளை விரிசல்னா ரெண்டு மாசத்துல தேறிடுமா?

பழைய_உஸ்தாத்:
சும்மா ஆறுதல் சொல்ல மாட்டேன். விரிசல்னா ஓட்டத்துக்குத் திரும்பவே 6 – 8 வாரம் ஆகலாம், இந்த ரேலி (ஆள்சேர்ப்பு முகாம்) கை விட்டுப் போகவும் வாய்ப்பிருக்கு. உனக்கு 19 தானே, இன்னும் வயசு இருக்கு.

நாலு மணி நேரத் தூக்கத்துல 90 கி.மீ.யா! முதல்ல அதை மாத்து. ஃபோர்ட் லியோனார்ட் வுட்ங்கிற அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்ல ரெக்ரூட்டுகளோட தூக்கத்தை ராத்திரி 8:30 – 4:30-லேர்ந்து 11 – 7-க்கு நகர்த்திப் பார்த்தாங்க. படுக்கை நேரம் அதே எட்டு மணிதான், ஆனா அரை மணி கூடுதலாத் தூங்கினாங்க, துப்பாக்கி சுடுறதும் தேறுச்சு. உன் வயசுக்குக் காலைத் தூக்கம் அப்படி. அகாடமியில கேட்டு சாயங்கால பேட்சுக்கு மாறிக்கோ.

டாக்டர் ஓடலாம்னு சொன்னப்புறம் தார் ரோடு வேண்டாம், மண் கிரவுண்டு. முதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டம், வலியில்லாம நிலைச்சப்புறம் வாரம் ரெண்டு நாள் 400 மீட்டர், ஒவ்வொண்ணும் 82 செகண்டுக்குள்ள, நடுவுல மூணு நிமிஷம் நடை. 5:30-க்கு அந்த வேகம் போதும், 15 கி.மீ. எதுக்கு? அதுவரைக்கும் டாக்டர் சம்மதிச்சா கிணத்துல நீச்சலடி, கால்ல பாரம் விழாம மூச்சு நிக்கும். பீமை விட்டுடாதே, ஆனா கம்பியிலேர்ந்து குதிச்சு இறங்காதே.

ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடு.