புதுப்பிப்பு: செஸ்ட்நட் கன்றுக்குச் சான்றிதழ் எதற்கு?

இத்தாலியின் கூனியோ பகுதியில் 2002இல் தென்பட்ட, செஸ்ட்நட் என்னும் கொட்டை மரத்தைத் தாக்கும் முடிச்சுக் குளவியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "கன்றை நன்றாகப் பார்த்து வாங்கினால் போதாதா, சான்றிதழ் எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. குளவி கோடையில் மொட்டுக்குள் முட்டையிடுகிறது. புழு குளிர்காலம் முழுவதும் அங்கேயே அடங்கிக் கிடக்கிறது. வெளியே ஒரு தழும்புகூட இராது. கன்றில் ஒட்டுவதற்கான குச்சியை (ஒட்டுக்குச்சி) மரத்திலிருந்து வெட்டுவதோ சரியாக அந்தப் பருவத்தில்! வசந்தத்தில் முடிச்சு வீங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். போதாக்குறைக்கு, இந்த இனத்தில் ஆண் குளவியே கிடையாது; ஒரு பெண் தப்பினாலும் புதுத் தோப்பில் வம்சம் பெருகிவிடும்.

ஆகவே ஒட்டுக்குச்சி தரும் தாய்மரங்களைப் பூச்சி புகாத வலைக்கூடாரத்தில் வளர்ப்பதே உருப்படியான வழி. கன்று அப்படிப்பட்ட மரத்திலிருந்து வந்ததா என்பதைக் கண்ணால் அறிய முடியாது; அதற்குத்தான் சான்றிதழ்.

வலை வேரைக் காக்காது. வேரை அழுகச் செய்யும் மைநோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் மண்ணிலும் நீரிலும் பரவும். அதற்குச் சுத்தமான மண்கலவை, தரையில் படாத தொட்டி, தேங்காத நீர் ஆகியவை வேண்டும்.

'புஷ் த பெத்திஸாக்' என்ற செஸ்ட்நட் ரகத்தை வாசகர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அவர் சொன்னது சரியே: அதன் மொட்டில் குளவிப் புழு வளராமல் மடிகிறது. ஆனால் மைநோய்க்கு அது பதிலாகாது; மைநோயைத் தாங்கும் மார்சோல் போன்ற அடிக்கட்டையில் (வேர் தரும் கீழ்ப்பகுதி) ஒட்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.